அங்கிளின் சீசன்

மாலை ஐந்து நாற்பத்தேழு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்கு என் ஞாபகசக்தி காரணமல்ல. என் போனில் ஒரு எக்செல் ஷீட் இருந்தது. என் மகள் எந்த ஆட்டத்தில், எத்தனை மணிக்கு மைதானத்தில் இறங்கினாள், எத்தனை மணிக்கு வெளியே வந்தாள் என்று அதில் குறித்துக்கொண்டிருந்தேன். அன்றைய வரிசையில் முதல் கட்டத்தில் 5:30 என்று இருக்கிறது. இரண்டாவது கட்டத்தில் 5:47. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கேட்டி என்ற ஊரில், எங்கள் பகுதி உயர்நிலைப் பள்ளியின் சாஃப்ட்பால் மைதானம். பேஸ்பாலைப் பெண்கள் ஆடினால் இங்கே அது சாஃப்ட்பால். அலுமினியப் படிகளில் இருபது முப்பது பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தோம். ஓக் மரங்களின் மகரந்தம் மஞ்சள் மாவாக எல்லோருடைய கார்களின் மீதும் படிந்திருந்த வாரம். என் மகளுக்குப் பதினாறு வயது. அணியில் இரண்டாவது கேட்சர், அதாவது பேக்கப். கேட்சர் என்றால் நம் ஊர் விக்கெட் கீப்பர் மாதிரி என்று அவள் பாட்டியிடம் போனில் சொல்லியிருந்தேன். ஒரு வித்தியாசம், இங்கே பேட் பிடிப்பவளுக்கு ஒரு கை தூரத்தில், அவள் முதுகுக்குப் பின்னால் குந்தியிருக்க வேண்டும். தலையில் ஹெல்மெட், முகத்தில் கம்பி மாஸ்க்.

பந்து பேட்டின் ஓரத்தில் உரசி நேராக அந்த மாஸ்க்கில் போய் மோதியது. சத்தம் எங்களுக்குக் கேட்டது. மூடிய பாத்திரத்தின் மேல் கரண்டி விழுந்த மாதிரி, பெரிதாக ஒன்றுமில்லை. அவள் முழங்காலில் விழுந்து, உடனே எழுந்துவிட்டாள். கோச் ஓடிப்போய் அவள் கண்களைப் பார்த்தார், ஏதோ கேட்டார். அவள் தலையாட்டினாள். கோச் சட்டென்று படிகளின் பக்கம் திரும்பி என்னைத் தேடினார்.

நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அதன்பின் அந்த இன்னிங்ஸ் முடிய நான்கைந்து நிமிடம் ஆகியிருக்கும். முடிந்ததும் பெண்கள் எல்லோரும் தங்கள் பெஞ்சுக்கு ஓடினார்கள். என் மகள் நிதானமாக நடந்து எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, காலில் கட்டியிருந்த பட்டைகளைக் கழற்ற ஆரம்பித்தாள். எதிரணிப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள். ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். இன்றைக்கும் என் கண்ணில் நிற்பது மாஸ்க்கில் பந்து பட்டது அல்ல, அந்தப் பாட்டில்தான்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறியவில்லை. கன்கஷன், மூளை அதிர்ந்திருக்கிறது, தானாகச் சரியாகும், எத்தனை நாளில் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். குடை, ரயில், தேன் என்ற மூன்று வார்த்தைகளை இங்கிலீஷில் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவள் ரயில் என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சைப் பார்ப்பது போல. நானும் என் மனைவியும் குடை, தேன், குடை, தேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த வாரம் முழுவதுமே அவளுக்குப் போய்விட்டிருந்தது. ஆட்டம், அதற்கு முந்தைய நாள், அதற்கும் முந்தைய நாள், எதுவும் இல்லை.

அதற்கும் முந்தைய நாள் என்ன நடந்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கோச்சுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். என் மகள் தவறாமல் பயிற்சிக்கு வருகிறாள், ஆனால் ஆட்டங்களில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவள் பதினோராம் வகுப்பு, காலேஜ் அப்ளை பண்ணும்போது காட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்பதை மிக மரியாதையாக எழுதினேன். நான் ஒரு ப்ராசஸ் என்ஜினியர். எண்ணெய்க் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வால்வுகளுக்கும் பம்புகளுக்கும் ட்ரெண்ட் போட்டுப் பார்ப்பதுதான் வேலை. அதனால் மெயிலோடு ஒரு சார்ட்டையும் இணைத்தேன். நீலக் கம்பம் முதல் கேட்சர் ஆடிய இன்னிங்ஸ், ஆரஞ்சுக் கம்பம் என் மகள் ஆடியது. ஆரஞ்சு கண்ணுக்கே தெரியாத உயரத்தில் இருந்தது.

"சார்ட் எல்லாம் வேணாங்க. அனுப்பணும்னா ரெண்டு வரி எழுதுங்க, போதும்" என்று என் மனைவி சொன்னாள்.

"டேட்டா இருந்தாதான் சீரியஸா எடுத்துக்குவாங்க."

"அவரு அவளோட கோச்சுங்க, உங்க பிளான்ட் மேனேஜர் இல்ல."

அனுப்பினேன். திங்கட்கிழமை காலை பதில் வந்தது. இரண்டே வரி. உங்கள் மகளிடம் இதைப் பற்றிப் பேசுகிறேன், செவ்வாய்க்கிழமை அவள் ஆடுவாள்.

பேசினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. திங்கள் மாலை மகள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, டைனிங் டேபிளில் உட்கார்ந்து எப்போதும் போல தாயம் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கேட்டாலும் அவளுக்குத் தெரியாது. அந்த நாளே அவளிடம் இல்லை.

தாயம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். அது தாயம் அல்ல. ஒரு கராஜ் சேலில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். உள்ளே எப்போதோ ஆடி ஓய்ந்த பேஸ்பால் ஆட்டக்காரர்களின் அட்டைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொரு அட்டையிலும் முப்பத்தாறு எண்கள். சிவப்பு டைஸ், வெள்ளை டைஸ் இரண்டையும் உருட்ட வேண்டும். சிவப்பில் நாலு, வெள்ளையில் ஆறு விழுந்தால் நாற்பத்தாறு. அந்த ஆளின் அட்டையில் நாற்பத்தாறுக்கு எதிரே அவுட், சிங்கிள், டபுள் என்று என்ன போட்டிருக்கிறதோ அதுதான் நடந்தது. அவ்வளவுதான் விளையாட்டு. எட்டு அணிகளை வைத்துக்கொண்டு தனியாக ஒரு முழு சீசனை ஓட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரு நீல நோட்டில் குறிக்கப்படும்.

அந்த எட்டில் அவள் தனக்கென்று வைத்துக்கொண்ட அணியில் ஒரு பேக்கப் கேட்சர் இருந்தார். அட்டையில் படம் கிடையாது, பெயர், உயரம், எடை மட்டும். எடை கொஞ்சம் அதிகம். அதனால் அவருக்கு அவள் வைத்த பெயர் அங்கிள். மகள் பேசுவது முக்கால்வாசி இங்கிலீஷ். இங்கே எழுதுகையில் நான்தான் தமிழாக்கிக்கொள்கிறேன்.

"இன்னிக்கு அங்கிள் ஆடறார் பா" என்பாள்.

அங்கிளின் அட்டை மிக மோசமான அட்டை. முப்பத்தாறு எண்களில் ஏழுதான் ஹிட், அதாவது அவுட் ஆகாமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுகிற அடி. மற்றவர்களுக்கு அறுபத்தாறு விழுந்தால் ஹோம் ரன், நம் ஊர் சிக்ஸர் மாதிரி. அங்கிளுக்கு அதுவும் வெறும் டபுள்தான். அந்த ஏழும்கூட விழ மாட்டேன் என்றன. வாரக்கணக்கில் அவுட், அவுட், அவுட். ஆனாலும் ஐந்து ஆட்டத்துக்கு ஒருமுறை அவரை இறக்கிவிடுவாள்.

"ஏன்டா இந்த ஆளை எடுத்து எடுத்து வெக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாலு நாள் பெஞ்ச்ல உக்கார்றார் இல்ல? அங்கிள் நல்லா உக்காருவார் பா. கம்ப்ளெயின்ட்டே பண்ண மாட்டார். அது ஒரு ஸ்கில்."

"பேசாம ரெண்டு ஹிட் சேத்து எழுதிடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. "அங்கிளுக்குத் தெரியும்" என்றாள்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், அவளுக்கு அந்த அட்டைகள் எல்லாம் மனப்பாடம். டைஸ் நிற்பதற்குள் முடிவைச் சொல்லிவிடுவாள். அட்டையைத் திருப்பியே பார்க்க மாட்டாள். எந்த ஆளுக்கு எந்த எண் என்ன என்று நானும் தூண்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மாடி அறை இருட்டானது. ஜன்னலில் இரண்டு கம்பளிகளைத் தொங்கவிட்டோம். போன் கூடாது, டிவி கூடாது, படிக்கக் கூடாது, பள்ளிக்கூடம் கூடாது. வெளிச்சம் குத்துகிறது என்றாள். சத்தம் அதைவிட. நாங்கள் குக்கர் வைப்பதை நிறுத்தினோம். கராஜ் கதவைத் திறக்காமல் காரை ரோட்டில் விட்டோம். வியாழக்கிழமைதோறும் எங்கள் தெருவில் இலைகளை ஊதித் தள்ளும் மெஷினோடு புல்வெட்டுகிறவர்கள் வருவார்கள். அந்த ஒரு மணி நேரம் அவள் தலையணையால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நான் கதவருகில் நிற்பேன். பேச்சை ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிடுவாள். ஃபிரிட்ஜ் என்ற வார்த்தை வராமல் ஒருநாள் அழுதாள்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, "என் சீசன் பாதில நிக்குது" என்றாள்.

டாக்டரிடம் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பதென்றால் அரை மணி நேரம் பரவாயில்லை என்றார். அப்படித்தான் நான் டைஸ் உருட்ட ஆரம்பித்தேன். மேஜையில் உருட்டினால் சத்தம். எவர்சில்வர் தட்டு வேண்டவே வேண்டாம். ஒரு தேங்காய்ப்பூத் துண்டை நாலாக மடித்து, தரையில் விரித்து, அதன் மேல் உருட்டினேன். போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எண்ணைப் பார்ப்பேன். அட்டையைப் பார்ப்பேன். மெதுவாகச் சொல்வேன். சத்தமே இல்லாமல் டைஸ் உருள்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது என்னவோ போலிருக்கும். வேறு யாரோ உருட்டுவதை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்ப்பது போல.

முதல் நாள் முதல் எண்ணைச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே நிறுத்தினேன். முடிவை அவள் சொல்லட்டும் என்று. அவள் சொல்லவில்லை.

"என்ன அது?" என்றாள்.

"முப்பத்திமூணு. அங்கிளுக்கு."

"ம். என்ன அது?"

அங்கிளுக்கு முப்பத்திமூன்று சிங்கிள். அவருடைய ஏழில் ஒன்று. அது விழும்போதெல்லாம் டைனிங் டேபிளில் கையைத் தட்டுவாள். "சிங்கிள்" என்றேன். "ஓ, நல்லது" என்றாள், யாரோ மூன்றாம் மனிதருக்குச் சம்பள உயர்வு வந்ததைக் கேட்ட மாதிரி.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் நான் நிறுத்தினேன். மூன்று விநாடி, நாலு விநாடி. இருட்டில் அவள் மூச்சு மட்டும் கேட்கும். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியாது, நிறுத்தாமல் இருக்கவும் முடியாது.

ஒருநாள் கதவுக்கு வெளியே நின்றிருந்த என் மனைவி, நான் வந்ததும் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். "நீங்க விளையாடறீங்களா, அவளுக்கு டெஸ்ட் வெக்கிறீங்களா?"

"சும்மா உருட்டறேன்."

"நிறுத்தி நிறுத்திக் கேக்கறீங்க. அவளுக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. அவளுக்கு மண்டையில அடிபட்டிருக்கு, காதுல இல்ல."

மெயிலைப் பற்றி, கட்டைவிரலைப் பற்றி, அவள் அன்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சார்ட் வேண்டாம் என்று நான் அப்போதே சொன்னேனே என்று ஒருமுறை கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாவது வாரம் எங்கள் தமிழ்ச் சங்கத்திலிருந்து ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். காலிங் பெல் அடிக்கக் கூடாது என்று கதவில் காகிதம் ஒட்டியிருந்ததால் வாசலில் நின்று போன் செய்தார்கள். தயிர் டப்பாவில் சாம்பார், இன்னொன்றில் பீன்ஸ் பொரியல். எல்லோரும் ஹாலில் குசுகுசுவென்று பேசினோம்.

"நம்ம புள்ளைங்களுக்கு எதுக்குங்க இந்தக் கேட்சர் வேலை?" என்றார் அவர். "டென்னிஸ் இருக்கு, செஸ் இருக்கு. செஸ்ல யாரும் மூஞ்சியில அடிக்க மாட்டாங்க."

"நீங்க சும்மா இருங்க" என்றார் அவர் மனைவி. "நல்லா ஆடற புள்ள, கண்ணு பட்டிருக்கு. வரமொளகா சுத்திப் போட்டியாம்மா?"

"போட்டா ஸ்மோக் அலாரம் அடிக்கும் ஆன்ட்டி" என்றாள் என் மனைவி. "அவளுக்கு மொளகா காரத்தை விட அதான் ஆகாது."

அவர்கள் சிரித்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டு. கிளம்பும்போது அவர் என் தோளில் கை வைத்தார். என்னைத் தேற்றத்தான் நினைத்தார். "ஒரு விதத்துல பாருங்க, காலேஜ் அப்ளிகேஷன்ல எழுத நல்ல எஸ்ஸே மெட்டீரியல். அடிபட்டு, எழுந்து வந்து... காலேஜ்காரங்களுக்கு இதுதான் வேணும்."

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். அவர் சொன்னதில் எனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மார்ச் முதல் வாரம் என்றால் இதை நானே சொல்லியிருப்பேன்.

அந்த நாட்களில் எனக்குள் இன்னொன்று ஆரம்பித்திருந்தது. இன்று அங்கிள் ஒரு ஹிட் அடித்தால் நாளை அவளுக்கு ஃபிரிட்ஜ் என்ற வார்த்தை வரும். இரண்டு அடித்தால் வெளிச்சம் குத்தாது. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்தவன் நான். முப்பத்தாறில் ஏழு என்றால் என்ன நிகழ்தகவு, முந்தைய உருட்டலுக்கும் அடுத்ததற்கும் தொடர்பே இல்லை என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனாலும் துண்டின் மேல் டைஸைப் போடும் முன் உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு கண்ணை மூடுவேன். அங்கிளைத் தினமும் இறக்கச் சொல்லி அவளிடம் நானே யோசனை சொன்னேன். சரி என்றாள். அங்கிள் தினமும் ஆடினார், தினமும் அவுட் ஆனார். நீல நோட்டில் இப்போது என் கையெழுத்தில் பக்கம் பக்கமாக அவருடைய பூஜ்யங்கள். அவருடைய சீசன் அவளுடைய தலைக்குள் நடப்பதாகவே நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு எல்லாம் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்போது, அந்தத் திங்கட்கிழமை மட்டும் வர வேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டேன். கோச் ஒருவேளை அவளிடம் பேசியிருந்தால், அந்தச் சார்ட்டைக் காட்டியிருந்தால், அது மட்டும் அந்த அடியோடு போகட்டும். மகளுடைய மூளையில் எந்த நாள் இருக்கலாம், எந்த நாள் இருக்கக் கூடாது என்று பட்டியல் போடுகிற அப்பன். இருட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி நினைத்தேன்.

நாலாவது வாரம், ஒரு ஞாயிறு மதியம். இரண்டு பேர் பேஸ்களில் ரன்னர்களாக நிற்கிறார்கள், அங்கிள் பேட் பிடிக்கிறார். உருட்டினேன். சிவப்பில் நாலு, வெள்ளையில் ஆறு.

"என்ன விழுந்துச்சு?"

"நாற்பத்தாறு" என்றேன். அங்கிளுக்கு நாற்பத்தாறு பாப் அப். பந்து நேராக மேலே போய், யாரோ ஒருவர் நகராமல் நின்று கையை நீட்டினால் அதிலேயே விழுந்துவிடும். பேஸ்பாலில் அதைவிடக் கேவலமாக அவுட் ஆக முடியாது. நான் வழக்கம் போல நிறுத்தினேன். மூன்று விநாடி. நாலு. அவள் மூச்சு. ஐந்து.

"சிங்கிள்" என்றேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. அடிபட்ட பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. "அங்கிளா?" என்றாள்.

"அங்கிள்தான்."

"ரெண்டு பேரும் ரன்னா?"

"ரெண்டு பேரும்."

நோட்டில் சிங்கிள் என்று குறித்தேன். பிறகு பென்சில் முனையால் அதன் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். பொய்யான அளவு எது என்று எங்காவது குறித்து வைக்காமல் என்னால் இருக்க முடியாது. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

மறுநாள் காலை அவள் இரண்டு தோசை சாப்பிட்டாள்.

நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்களே யூகிக்கலாம். அடுத்த பத்து நாளில் அங்கிள் அடிக்க ஆரம்பித்தார். எல்லாமே பொய் இல்லை, ஒன்றிரண்டு தானாகவும் விழுந்தன. மற்றவற்றுக்குப் புள்ளி வைத்தேன். எண்ணை மட்டும் மாற்றிச் சொல்லவே இல்லை. இதை நான் பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். விழுந்த எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டு, முடிவை மட்டும் ஏன் மாற்றினேன்? எண்களைப் பொய்யாகச் சொல்ல என் நாக்கு வரவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவளுக்கு அட்டை ஞாபகம் இல்லை என்று நான் அவ்வளவு உறுதியாக இருந்தேன். அவளுக்குத் திரும்பி வர வேண்டும் என்று துடித்தவன், திரும்பி வராது என்ற கணக்கில் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்து நாளில் அவளிடம் மாற்றங்கள் இருந்தன. கம்பளியில் ஒன்றை எடுக்கச் சொன்னாள். பாத்ரூமுக்குச் சுவரைப் பிடிக்காமல் போனாள். யார் எந்த பேஸில் நிற்கிறார்கள் என்பது நினைவில் நின்றது. ஆனால் நான் எண்ணைச் சொல்லி நிறுத்தும்போது மட்டும் பழையபடி மௌனம். அட்டைகள் அவளிடம் வரவே இல்லை. ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்: "அங்கிளுக்கு முப்பத்திமூணு என்னன்னு தெரியுதாடா?"

"நீதான் சொல்றியே பா" என்றாள்.

ஐந்தே முக்கால் ஆனால் இன்றைக்கும் என் கை தானாகப் போனைத் தேடுகிறது. ஆபீஸில், காரில், எங்கிருந்தாலும். இரண்டு நிமிடம் எதுவும் செய்யாமல் இருந்து, கடந்ததும் வேலையைத் தொடர்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. கோச்சுக்கு இன்னொரு மெயில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். முதலாவதில் மன்னிப்புக் கேட்டிருந்தேன். இரண்டாவதில், நீங்கள் என் மகளிடம் பேசினீர்களா என்று மட்டும் கேட்டிருந்தேன். மூன்றாவது காலியாக இருந்தது. ஒன்றையும் அனுப்பவில்லை. பதில் வந்துவிடுமோ என்ற பயம்.

அது ஒரு வியாழக்கிழமை. நான் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன், என் மனைவி இந்தியன் கடைக்குப் போயிருந்தாள். மதியம் மூன்று மணியிருக்கும். சமையலறையில் நின்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் இலை ஊதும் மெஷின் உறுமத் தொடங்கியது. கத்தியைப் போட்டுவிட்டு, மேலே ஓடி அவள் ஜன்னலில் அந்த இரண்டாவது கம்பளியைத் திரும்பத் தொங்கவிடலாம் என்று திரும்பினேன்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

எங்கள் வீட்டுப் படிகள் பதினாலு. அந்த ஆறு வாரத்தில் அவள் இறங்கிய சில தடவைகளும், நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று இறங்கியவை. இது அப்படி இல்லை. தட தடவென்று ஓட்டமும் இல்லை. ஒரு மனுஷி தன் வீட்டு மாடியிலிருந்து இறங்கி வருகிற சாதாரணச் சத்தம். நான் அசையாமல் நின்று எண்ணினேன். பதினாலாவதும் வந்தது.

பேஸ்பால் தொப்பி, அவள் அம்மாவின் கறுப்புக் கண்ணாடி, இரண்டு நாள் பழைய டி-ஷர்ட். கையில் நீல நோட்டு. மதிய வெயில் நிறைந்திருந்த சமையலறைக்குள் கண்ணைச் சுருக்கியபடி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே மெஷின் எங்கள் புல்தரைக்கே வந்துவிட்டது. முகத்தைச் சுளித்தாள், ஆனால் காதைப் பொத்தவில்லை. நோட்டைப் பிரித்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, அடுத்த பக்கத்துக்கு நகர்த்தினாள்.

"இந்த டாட் எல்லாம் என்ன?"

நான் வெண்டைக்காயைப் பார்த்தேன்.

"மூணு டாட் இருக்கு" என்றாள். "நாலு இருக்கணும். செவ்வாய்க்கிழமை ஒண்ணுக்கு வெக்க மறந்துட்ட. அது இருபத்திநாலு. இருபத்திநாலு அங்கிளுக்கு கிரவுண்ட் அவுட். ஐம்பத்திரண்டு ஸ்ட்ரைக் அவுட். அறுபத்தொண்ணும் ஸ்ட்ரைக் அவுட். பதினொண்ணு, பதினஞ்சு, இருபத்தஞ்சு, முப்பத்திமூணு, ஐம்பத்தொண்ணு, ஐம்பத்தஞ்சு, அறுபத்தாறு. அவ்வளவுதான் பா அவருக்கு. அந்த ஏழுதான்."

நிறுத்தாமல், மூச்சு விடாமல், அட்டை இல்லாமல். அவளுக்கு வந்துவிட்டது. எல்லாம் வந்துவிட்டது என்று தோன்றிய அந்தக் கணத்திலேயே, எல்லாம் என்றால் எது எது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மெஷினுக்கு மேல் இன்னொருமுறை கேட்க வேண்டியிருந்தது.

"முதல் தடவை டவுட். ரெண்டாவது தடவை கன்ஃபர்ம். நீ எவ்வளவு தூரம் போறன்னு பாக்கலாம்னு விட்டேன்." சொல்லிவிட்டு கையை நீட்டி மேடையிலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை உடைத்துப் போட்டாள்.

வெளியே மெஷின் நின்றது. அந்தத் திடீர் அமைதியில் அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, அந்த வெளிச்சத்தில் என்னை நேராகப் பார்த்தாள்.

"நாற்பத்தாறு அவுட் பா. அழிச்சிடு" என்றாள். "அங்கிளோட கோச்சுக்கும் மெயில் போட்டியா, அதே மாதிரி ஆரஞ்சு சார்ட்டோட?"